வருஷம் தப்பினால் கனக்கும் புட்டி

ஆவணி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, சாவடித்துறை ஊராட்சியில் பழைய சுங்கக் கட்டடத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஓடும் வடிகால் வாய்க்காலை முப்பத்தொரு பெண்கள் தூர்வாரிக்கொண்டிருந்தபோது, அஞ்சலாட்சியின் மண்வெட்டி எதன் மேலோ பட்டு, மண்ணில் பட்ட சத்தமாகவும் இல்லாமல் கல்லில் பட்ட சத்தமாகவும் இல்லாமல், வெண்கலப் பானையை விரலால் சுண்டினால் வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் குனிந்து கையாலேயே சேற்றை விலக்கி, ஒன்றேகால் சாண் உயரத்தில், வெல்லப்பாகு நிறத்தில், கழுத்துக்குக் கீழே குழந்தையின் காது அளவுக்குச் சின்னக் கைப்பிடி வைத்த உருளையான புட்டியொன்றை வெளியே எடுத்தாள். வாய்க்கால் தண்ணீரில் அலசி, உள்ளே கிடந்த சேற்றைக் கொட்டி, ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டினாள். கொட்டாங்குச்சி அளவுக்குத்தான் கனம் இருந்தது.

கரையில் வருகைப் பதிவேட்டோடு நின்ற பொறுப்பாளர் ரீட்டா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா அது, ஊறுகா ஜாடியா?"

"இந்த வாய்க்குள்ள எலுமிச்சங்காயே போவாது, இதுல எவ ஊறுகா போடுவா?"

"அப்ப சாராயப் புட்டிதான். எவனோ பொதச்சு வெச்சிட்டு மறந்துட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு இருக்கும்."

ரீட்டா சொல்லி வாயை மூடவில்லை, புட்டி அஞ்சலாட்சியின் மணிக்கட்டை இழுத்துக்கொண்டு கீழே போய், எடுத்த இடத்திலேயே அவளுடைய முழங்கை வரைக்கும் சேற்றில் புதைந்துகொண்டது. சேறு உள்ளே இழுக்கிறது என்று நினைத்து ஆறு பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். ஒன்றும் அசையவில்லை. இழுத்து இழுத்துக் களைத்தவர்களில் ஒருத்தி, "இது வெள்ளக்காரன் காலத்துதுடி, தொள்ளாயிரத்து அஞ்சு இருக்கும்" என்று முனகியதுதான் தாமதம், புட்டி பிடி விட்டுக்கொண்டு மேலே வர, ஆறு பேரும் வரிசையாக மல்லாந்து விழுந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் அவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. புட்டியின் மேல் ஒரு கை இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாய் வருஷத்தைச் சொல்ல வேண்டும். வருஷம் தப்பாக இருந்தால் கனக்கும், எவ்வளவு தப்போ அவ்வளவு கனக்கும். "தப்பாச் சொன்னா அதுக்குப் புடிக்கல, அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு ரீட்டா அன்றைய பதிவேட்டில், வாய்க்கால் பதினேழு மீட்டர், புட்டி ஒன்று, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் மீன் ஏலக்கூடத்துத் தராசில் புட்டியைத் தொங்கவிட்டார்கள். எடை போடுகிற மாசிலாமணி சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டே வந்தார். 1975 என்றால் அறுபத்திரண்டு கிலோ. 1950 என்றால் நாற்பத்தெட்டு. 1905 என்றால் இருபத்திரண்டு. 1700 என்று ஒருவர் ஆசையோடு சொன்னபோது தராசின் கொக்கி நிமிர்ந்து, மேலே உத்தரம் முனகியது. இன்னும் அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் புட்டியின் வருஷத்தை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் நடுவில் மாசிலாமணிக்கு ஒரு யோசனை வந்து, புட்டியின் தலையில் கை வைத்து, "நான் பொறந்தது அறுபத்தொண்ணு" என்றார். புட்டி கனத்தது. அறுபத்திரண்டு என்றார், மூன்று என்றார், நான்கு என்றார். அறுபத்தாறு என்றதும் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. அதற்குப் பிறகு புட்டிக்கு என்ன வயது என்பதில் ஊரில் யாருக்கும் அக்கறை இல்லாமல் போய்விட்டது, ஏனென்றால் எல்லாருக்கும் தங்கள் வயது தெரிய வேண்டியிருந்தது.

சாவடித்துறையில் நாற்பது தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிள்ளையின் கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டவர்களுக்கெல்லாம் ஐந்து வயது என்று தலைமை ஆசிரியர் எழுதிக்கொண்டதால் வந்தது அது. கை நீளமானவர்கள் சீக்கிரம் பிறந்ததாகவும் குட்டையானவர்கள் தாமதமாகப் பிறந்ததாகவும் இத்தனை காலமும் இருந்துவிட்டு, இப்போது புட்டியிடம் வந்து ஒவ்வொருவராகத் தங்களைச் சரிபார்த்துக்கொண்டார்கள். மாசிலாமணிக்கு ஐந்து வயது குறைந்தது; அன்றிலிருந்து கூன் போடாமல் நடந்தார். நூற்று மூன்று வயது என்று பெயர் வாங்கியிருந்த வடக்குத் தெரு அமிர்தம்மாளுக்கு எண்பத்தொன்று என்று தெரிந்ததும், இனிமேல்தான் நிறைய வேலை இருக்கிறது என்று அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னார். வலை கட்டுகிற இரண்டு சகோதரர்களில் தம்பிதான் மூத்தவர் என்று தெரியவந்தது. இருவரும் ஏலக்கூடத்து வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்கள். கடைசியில் தம்பி, "வாங்கண்ணே, போவலாம்" என்றார், பழக்கத்தில். "சரிங்கண்ணே" என்றார் அண்ணன். அப்படியே இருக்கட்டும் என்று ஊரும் விட்டுவிட்டது.

பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் '1954 முதல்' என்று எழுதியிருந்த பலகைக்குப் புட்டி பத்துக் கிலோ கனத்தது. கடைக்காரர் தானே ஏணி வைத்து ஏறி அதை 1971 என்று மாற்றிவிட்டு, கீழே 'சோதிக்கப்பட்டது' என்றும் சேர்த்து எழுதினார், வியாபாரம் கூடியது. மாரியம்மன் தேருக்கு முதல் வடம் கொடுத்தது மேலத்தெருவா கீழத்தெருவா என்று இரண்டு தலைமுறையாக நடந்துவந்த சண்டை, இரண்டு தெருவும் வடம் கொடுத்த வருஷத்தைக் கேட்டதும் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. தீர்ந்த பிறகு இரண்டு தெருக்காரர்களுக்கும் சாயங்கால நேரத்தில் பேச எதுவும் இல்லாமல், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள்.

கூட்டம் பெருகியதால் ஊராட்சித் தலைவர் தணிகாசலம் தீர்மானம் போட்டார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் புட்டி பேசும். ஆளுக்கு மூன்று கேள்வி. டோக்கன் வாங்க வேண்டும். ஒருவர் கல்யாணமான வருஷத்தையும் அவருடைய தலைப்பிள்ளை பிறந்த வருஷத்தையும் ஒரே நாளில் கேட்கக் கூடாது. புட்டியைத் தோண்டி எடுத்தவள் என்பதால் அஞ்சலாட்சிக்கு டோக்கன் தேவையில்லை என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

அந்த வரியை அஞ்சலாட்சி பயன்படுத்தவே இல்லை.

அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. மீன் வரத்து உள்ள நாட்களில் ஐஸ் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு ஊருக்குப் போய் மீன் விற்பாள், வரத்துக் குறைந்த நாட்களில் நூறு நாள் வேலைக்கு வருவாள். அவளுடைய புருஷன் கலிவரதன் இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஐப்பசி மாதம் ஒரு விடியற்காலையில் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனவன். நான்கு நாள் கழித்துப் படகு மட்டும் தெற்கே எட்டு மைலில் கரை ஒதுங்கியது. வலை மடித்து வைத்தபடி இருந்தது, துடுப்பு இருந்தது, சோற்றுத் தூக்கு காலியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவன் இல்லை. உடலும் வரவில்லை. காணாமல் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம், நீதிமன்றத்தில் மனுப் போடு என்று தாலுகா அலுவலகத்தில் சொன்னார்கள். "ஒரு ஆள சாகடிச்சுக் குடுங்கன்னு நானே போய்க் கேக்கணுமா?" என்று அவள் திரும்பி வந்துவிட்டாள். அப்படியே பதினேழு வருஷம் போயிருந்தது. கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. மீன் விற்கப் போகிற ஊர்களில் நாலு வீட்டில் வெள்ளிக்கிழமை கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுப்பார்கள், நாலு வீட்டில் நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது அவள் எதிரே வந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். இரண்டுக்கும் அவள் பழகிவிட்டாள். இரண்டு வகை வீட்டிலும் மீன் வாங்கினார்கள்.

கலிவரதன் போனபோது ஆறு வயதாக இருந்த மகள் பவளக்கொடிக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊர், ஐஸ் தொழிற்சாலையில் வேலை. எல்லாம் பேசி முடித்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனபோதுதான் அச்சகக்காரர் அல்லாபிச்சை கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி கேட்டார்.

"பொண்ணோட அத்தா பேருக்கு முன்னாடி என்ன போடட்டும்மா? திருவா, தெய்வத்திருவா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அஞ்சலாட்சி எழுந்து வந்தாள். இரண்டு நாளில் சம்பந்தி சம்பூரணமே வீடு தேடி வந்துவிட்டாள். கெட்ட மனசுக்காரி என்று சொல்ல முடியாது. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஒண்ணு, இருக்காருன்னு போடுங்க. இல்லாட்டி இல்லன்னு போடுங்க. பத்திரிகைய வாங்கறவங்க அத்தனை பேருக்கும் நான்ல பதில் சொல்லணும்? நாளைக்கு மேடையில தார வாக்க யாரு நிப்பா? நீங்க நிக்கலாமா, நிக்கக் கூடாதா? எனக்கு எதுன்னாலும் சம்மதம் சம்பந்தி. ஆனா எதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. ஊருல அந்தப் புட்டி இருக்கே, அதக் கேட்டாத்தான் என்ன?"

சம்பூரணம் போனபின் பவளக்கொடி அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"கேட்டுடலாமேம்மா. ஒரே ஒரு தடவ."

"கேட்டு?"

"தெரிஞ்சுக்கலாம்ல."

"தெரிஞ்சுட்டா அப்புறம் அதத் தெரியாததா ஆக்க முடியாதுடி. நல்லா யோசிச்சுக்க."

"நான் யோசிச்சிட்டேன். ஆறு வயசுலேர்ந்து அதத்தான் யோசிக்கிறேன்."

அஞ்சலாட்சி குழம்பை இறக்கி வைத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஆகட்டும் என்றாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வியாழக்கிழமையன்று மாவட்டத் தலைநகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஜீப் வந்துவிட்டது.

பூமிக்குள் கிடைத்த பழம்பொருளை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. தணிகாசலம் முதல் வாரமே கடிதம் போட்டிருந்தார். கார்த்திகையில்தான் ஆள் வந்தது. வந்தவர் காப்பாட்சியர் பெனாசிர், முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் துணிப்பை, கழுத்தில் சங்கிலிக்குப் பதில் ஒரு பூதக்கண்ணாடி. ஏலக்கூடத்தில் மீன் காலியானதும் மேடையைக் கழுவி, பாய் விரித்து, புட்டியை நடுவில் வைத்தார்கள். தப்பான வருஷம் சொன்னால் கனக்கும் என்று தணிகாசலம் முன்கூட்டியே எச்சரித்தார். "அப்படீங்களா, அப்ப நான் வாய மூடிக்கிட்டே பாக்கறேன்" என்று பெனாசிர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் ஊர்ச்சனம் சத்தம் போடாமல் சுற்றி நின்றது.

முதலில் விரல் நகத்தால் சுண்டிப் பார்த்தார். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரைப் புட்டியின் மேல் விட்டார். அது உள்ளே ஊறாமல் உருண்டு ஓடியது.

"இது பீங்கான் கிடையாது, சாதாரண மண்பாண்டமும் கிடையாது. களிமண்ண ரொம்பச் சூட்டுல சுட்டா கல்லு மாதிரி இறுகிடும், அந்த ஜாதி. உங்க வீட்டு ஊறுகா ஜாடிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். இங்க பாருங்க, தோலு ஆரஞ்சுப் பழம் மாதிரிப் பொடிப்பொடியாக் குழி விழுந்திருக்கா? சூளை நல்லாப் பழுத்திருக்கறப்ப உப்ப அள்ளி உள்ள போடுவாங்க. உப்பு ஆவியாகி இது மேல படிஞ்சு பளபளப்பா ஆயிடும்."

"உப்பா?" என்றார் மாசிலாமணி, ஏதோ சொந்தக்காரர் வீட்டுச் செய்தி கேட்டவரைப் போல.

"சாதா உப்புதான்."

அடியைத் திருப்பினார். சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்தெடுத்த வளைவுக் கோடுகள் இருந்தன. வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிவிட்டு, பக்கத்தில் நின்ற ரீட்டாவையும் விடச் சொன்னார். ரீட்டா விட்டுப் பார்த்தாள். உள்ளே திருகு திருகாக வரி ஓடியது.

"யாரோ வெரலு வெச்ச மாதிரி இருக்கும்மா."

"வெச்சதுதான். சக்கரத்துல சுத்தவிட்டு ஒருத்தர் கையாலயே எழுப்பின புட்டி இது. ஆயிரத்து எண்ணூத்து எண்பது வாக்குல இந்த வகையெல்லாம் மிஷினுக்கு மாறிடுச்சு, உள்ள வழவழன்னு இருக்கும். அதனால அதுக்கு முந்தினது. தோள்ல ஒரு வட்ட முத்திரை தேஞ்சுபோய்க் கிடக்கு பாருங்க, நடுவுல ஒரு மிருகம், சுத்தி எழுத்து. இந்த உருளை வடிவத்தையும் முத்திரை குத்தின விதத்தையும் பாத்தா முப்பதுக்கு முன்னால போவாது. ஜெர்மனிப் பக்கத்துலேர்ந்து வந்தது. ஆயிரத்து எண்ணூத்து முப்பதுக்கும் எண்பதுக்கும் நடுவுல."

"உள்ள என்ன இருந்துச்சும்மா?" என்றார் தணிகாசலம். சாராயம் என்று பாதிப் பேரும், மை என்று சிலரும், அத்தர் என்று மிச்சப் பேரும் இதுவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி."

"தண்ணியா?"

"ஊத்துத் தண்ணி. உடம்புக்கு நல்லதுன்னு அடச்சு விப்பாங்க. இங்க சுங்கத்துல உக்காந்திருந்த தொரைங்களுக்குக் கப்பல்ல வந்திருக்கும். குடிச்சிட்டு ஜன்னல் வழியா வாய்க்கால்ல போட்டிருப்பான்."

ஏழு கடல் தாண்டித் தண்ணீரையா ஏற்றிக்கொண்டு வந்தான் என்று கூட்டம் சிரித்தது. தன் கையிலிருந்த பிளாஸ்டிக் பாட்டிலை யாரோ மெதுவாக இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு புட்டியைத் தராசில் மாட்டி, பெனாசிரின் கையை அதன் மேல் வைக்கச் சொல்லி, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதிலிருந்து ஊரே சேர்ந்து ஒவ்வொன்றாக எண்ணியது, கோயிலில் போற்றி சொல்கிற ராகத்தில். ஐம்பதில் பத்துக் கிலோ. ஐம்பத்தைந்தில் ஏழு. அறுபதில் நாலு. அறுபத்தைந்தில் ஒரு சீலா மீன் கனம். அறுபத்தாறில் ஒரு இறால் கனம். அறுபத்தேழு என்றபோது முள் பூஜ்யத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனது, கயிறு தொய்ந்தது, புட்டி கொக்கியிலிருந்து தானே கழன்று ஒரு சாண் மேலே எழும்பி, பெனாசிரின் உள்ளங்கையை மெல்ல முட்டிக்கொண்டு நின்றது.

பெனாசிர் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பதிவேட்டை விரித்து எழுதினார்: உப்பு மெருகிட்ட சுடுமண் புட்டி, கையால் வனைந்தது, காலம் சுமார் 1830–1880.

"அறுபத்தேழுன்னே எழுதலாமேம்மா, அதுவே சொல்லிடுச்சே" என்றார் தணிகாசலம்.

"வெரல் தடத்த வெச்சு எழுத எனக்கு அதிகாரம் இருக்குங்க. எடைய வெச்சு எழுத இடமில்ல. நாலு மணிக்குக் கிளம்பறோம். வண்டியில ஏத்தினப்புறம் யாரும் தப்பா எதயும் சொல்லிடாதீங்க, அச்சு முறிஞ்சிடும்."

கொடுக்கக் கூடாது என்று ஒன்றிரண்டு பேர் குரல் எழுப்பினார்கள். பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்று ஆகியிருந்தது. புட்டி வந்ததிலிருந்து யாராலும் எந்தக் கதையையும் 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பிக்க முடியவில்லை; உடனே யாராவது எந்த வருஷம் என்று கேட்டுவிடுகிறார்கள். போகட்டும் என்று முடிவானது. அதற்குள் கடைசிக் கேள்வி உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளலாம் என்று தணிகாசலம் சொன்னபோது மணி மூன்று.

வரிசை நின்றது. அஞ்சலாட்சி மகளோடு ஏலக்கூடத்துக்குள் வருவதைப் பார்த்ததும் வரிசை தானாக விலகிக்கொண்டது. அவள் எதைக் கேட்கப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். சம்பூரணமும் வந்திருந்தாள், தூணோரமாக நின்றாள். மாசிலாமணி புட்டியைத் தராசில் மாட்டப் போனார்.

"வேணாண்ணே. நான் கையிலயே வெச்சுக்கறேன்."

அவள் காலை அகட்டி நின்று, புட்டியை இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"கலிவரதன் செத்துப்போனது ரெண்டாயிரத்து ஏழு" என்றாள்.

புட்டி கனத்தது. நிறைந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிப் பழகிய கைகள் என்பதால் தாங்கிக்கொண்டாள். இரண்டாயிரத்து எட்டு என்றாள். ஒன்பது என்றாள். பத்து என்றாள். ஒவ்வொரு வருஷத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டாள். பதினைந்து சொன்னபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது, பவளக்கொடி கை கொடுக்க வந்தாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். புயல் வந்த வருஷத்தைச் சொன்னாள். புயல் வந்த வருஷத்தைச் சொன்னாள். கனம் குறையவே இல்லை, ஒரே சீராக, ஒரு ஆள் கனம் இருந்தது. இருபத்துமூன்று என்றாள். கடைசியாக, இந்த வருஷம், இரண்டாயிரத்து இருபத்துநான்கு என்றாள். புட்டி இறங்கவில்லை.

அதற்கு மேல் சொல்ல வருஷம் இல்லை.

முதலில் புரிந்துகொண்டவள் பவளக்கொடிதான்.

"இருக்காரா?" என்றாள். பிறகு, "இருக்காரு. இருந்துக்கிட்டுதான் வரல" என்று சொல்லிவிட்டு, கழுவிய மேடையின் ஈரத்திலேயே உட்கார்ந்து, ஆறு வயதுப் பிள்ளை அழுகிற மாதிரி வாய் விட்டு அழுதாள்.

"எந்த ஊருன்னு கேளும்மா" என்று யாரோ அவசரப்பட்டார்கள். அது ஊர் சொல்லாது, வருஷம்தான் சொல்லும் என்று ரீட்டா அதட்டினாள். அஞ்சலாட்சி அதே இடத்தில் நின்றாள். தூக்கில் சோறு தின்றுவிட்டு, அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வலையை மடித்து வைத்துவிட்டு, கரையில் இறங்கி நடந்துபோன ஒருவன் அவள் கண் முன்னால் நடந்து போனான். அவன் முதுகு தெரிகிற மாதிரி இருந்தது. அவளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், அதுவும் வரவில்லை. தோள் வலிதான் இருந்தது. ஏன் எதுவும் வரவில்லை என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அந்த வியப்பில்தான் அடுத்த கேள்வி அவளுக்குத் தோன்றியது.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள்.

தணிகாசலம் தலையை ஆட்டினார்.

"நான் அவரு வருவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தத விட்டுட்டது எந்த வருஷம்? இருபத்துநாலா?"

கனத்தது. இருபத்துமூன்று என்றாள், இருபத்திரண்டு என்றாள். பின்னால் போகப் போகப் புட்டி கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை அவள் கை உணர்ந்தது. பதினெட்டில் ஒரு குடம் தண்ணீர் கனம், பதினான்கில் ஒரு படி அரிசி கனம். பன்னிரண்டில் இரண்டு கையும் தேவைப்படவில்லை. இரண்டாயிரத்துப் பதினொன்று என்றாள்.

புட்டி அவள் கையை விட்டு எழும்பியது. இடுப்பிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து முகத்துக்கு நேராக வந்து நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு திடீரென்று சிரித்தாள்.

"என்னம்மா?" என்றாள் பவளக்கொடி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அந்த வருஷம்தான்டி மொபெட்டு வாங்கினேன். அதுக்கு முந்தி நாலு வருஷமும் பொழுது சாஞ்சா வாசல்ல போய் நிப்பேன், கடக்கரைப் பக்கமா பாத்துக்கிட்டு. மொபெட்டு வாங்கினப்புறம் பன்னெண்டு ஊரு சுத்திட்டு வர்றதுக்கே விளக்கு வெக்கிற நேரம் ஆயிடும். அதுக்கப்புறம் வாசல்ல நின்னு பாத்தவ நீ. வந்தவ நான்."

பவளக்கொடி தாயின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"எங்கயோ ஒரு உசுரு சோறு தின்னுக்கிட்டு இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் அஞ்சலாட்சி. "அதுல நமக்கு என்ன நட்டம்? வா, பத்திரிகை வேல கெடக்கு."

நாலு மணிக்கு ஜீப் புறப்பட்டது. புட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெனாசிர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாலை முழுவதும் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு என்று டிரைவர் சொல்லிக்கொண்டே ஓட்டியதால், வண்டி மேடு பள்ளமெல்லாம் பஞ்சு மாதிரி தாண்டிப் போனது என்று எதிரே வந்தவர்கள் சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே அஞ்சலாட்சி பத்தர் கடைக்குப் போய், தாலியைத் தானே கழற்றி மேசை மேல் வைத்து, பவளக்கொடிக்கு இரண்டு கம்மலாக உருக்கித் தரச் சொன்னாள். பத்தர் அதைத் தொடத் தயங்கினார். "பொட்டும் பூவும் எங்கம்மா சின்னதுலயே வெச்சு வுட்டது, அது எங்கயும் போவாது. இது மட்டும்தான் அவரு கட்டினது. அடிங்க" என்றாள். அங்கிருந்து அச்சகத்துக்குப் போனாள். அல்லாபிச்சை கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"திருவா, தெய்வத்திருவா?"

"சாவடித்துறை அஞ்சலாட்சியின் மகள் பவளக்கொடின்னு அடிங்க பாய். எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

தை மாதம் பதினெட்டாம் தேதி முகூர்த்தம். அஞ்சலாட்சி அரக்குப் பட்டு உடுத்தி, தலை நிறைய மல்லிகை வைத்து, வெறும் கழுத்தோடு மேடைக்கு வந்தாள். பந்தலில் இருந்த மாப்பிள்ளை வீட்டுச் சனம் அவள் கழுத்தைப் பார்த்தது, தலையைப் பார்த்தது, மறுபடியும் கழுத்தைப் பார்த்தது. யாரோ ஒரு கிழவி எதையோ ஆரம்பித்தாள். சம்பூரணம் அந்தப் பக்கமாகத் திரும்பி, "இலை போட்டாச்சான்னு போய்ப் பாருங்க பெரியம்மா" என்று அனுப்பிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து சம்பந்திக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். தாரை வார்க்கச் செம்பைக் கையில் கொடுத்த புரோகிதர் வெளியூர்க்காரர், ஒன்றும் தெரியாதவர்.

"பொண்ணோட தகப்பனார் பேரு சொல்லுங்கம்மா."

"கலிவரதன். எங்கயோ நல்லா இருக்காரு" என்றாள் அஞ்சலாட்சி, செம்பைச் சரிசெய்து பிடித்துக்கொண்டு. "நீங்க எம்பேரச் சொல்லி ஆரம்பிங்க சாமி, நேரமாவுது."

புரோகிதர் ஆரம்பித்தார்.